ஆணி முத்தும் எழுபது மார்க்கும்

ஓட்டப்பிடாரம்னா எல்லாருக்கும் வ.உ.சி. தான் ஞாபகம் வருவார். எனக்குப் பக்கத்துக் கடலும் சேர்ந்து வரும். தூத்துக்குடியில முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல். அங்கேயும் கிரேடிங் உண்டு மக்கா! துளை அளவு வேறுவேறான பத்துப் பித்தளைச் சல்லடையில சலிச்சு, அப்புறம் உருட்சி, ஒளி பார்த்து ரகம் பிரிப்பாங்க. முதல் ரகம்தான் ஆணி முத்து. ஆனா வாங்குறவரும் கையில உருட்டிப் பார்க்கலாம்.

நாணயத்துக்கு வருவோம். 1949-ல் வில்லியம் ஷெல்டன், அமெரிக்காவின் பழைய செப்பு செண்ட்டுக்காக 1 முதல் 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். 70-ஆம் தரக் காசு, 1-ஆம் தரத்தைப் போல 70 மடங்கு விலைங்கிற கணக்கு. விலைக் கணக்கு பொய்த்துப்போச்சு, எண் மட்டும் நின்னுடுச்சு. 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி வந்து, மார்க் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில சீல் வெச்சாங்க.

போலி பயம் குறைஞ்சது, நல்லதுதான். ஆனா பெட்டியை உடைச்சு, அதே காசைத் திரும்ப அனுப்பி ஒரு மார்க் கூட வாங்கப் பார்க்கிற பழக்கமும் வந்துச்சு.

நம்ம பாண்டியர் மீன் காசு பெரும்பாலும் தேஞ்சுதான் கிடைக்கும். மார்க் கம்மியாத்தான் வரும். ஆனா எத்தனை கை மாறுச்சுன்னு சொல்றதே அந்தத் தேய்மானம்தானே?

நீங்க வாங்குறது காசா, மார்க்கா?