திரும்பி வந்தவர்கள்

கூலிக் கப்பலில் ஏறிப் போனவர்களைப் பற்றித் தமிழில் கொஞ்சமாவது எழுதியிருக்கிறார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் அழுத பெண்களைப் பாரதி பாடினார். திரும்பி வந்தவர்களை யார் பாடினார்கள்? எம்.ஏ. தமிழ் படித்தபோது நெய்தல் திணையின் இரங்கலைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். கரையில் காத்திருக்கும் தலைவிக்கு இலக்கணம் இருக்கிறது. பத்து வருஷம் கரும்பு வெட்டிவிட்டு அதே கரையில் வந்து இறங்கிய பறையனுக்கும் பறைச்சிக்கும் எந்த இலக்கணத்திலும் இடமில்லை.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். 1911 வரைக்கும் இப்படி நெட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஆளுக்கு ஒரு எண். பட்டியலில் பெயர், அப்பன் பெயர், வயசு, ஊர், ஜாதி. கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சாஸ்திரம் படித்தவன் பயந்தான். நம்ம ஆளுக்கு என்ன பயம்? போனா போகட்டும் சனியன் என்றுதான் ஏறியிருப்பான். ஆனால் அது போகவில்லை. ஏறும்போதே வெள்ளைக்காரன் கட்டம் போட்டு எழுதிக்கொண்டான்.

ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பத்து வருஷம் அங்கே இருந்தால் திரும்பிவர இலவசக் கப்பல். அப்படித் திரும்பிய முதல் கூட்டம் 1871இல் ‘ரெட் ரைடிங் ஹூட்’ கப்பலில் வந்தது. அன்றைக்குச் சென்னையில் பாதுகாப்பான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் அலைக்குள் புகுந்து ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். சமுத்திரத்தைத் தாண்டியவனுக்கும் கடைசி நாலு பாகம் தூரம்தான் உயிர்போகிற தூரம்.

இறங்கியவர்கள் சும்மா ஊருக்குப் போய்விடவில்லை. அடித்தார்கள், கூலியைப் பிடித்தார்கள், சொன்னபடி நடக்கவில்லை என்று அதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். நெட்டாலுக்கு ஆள் அனுப்புவது 1866லேயே நின்றுபோயிருந்தது. முதலாளிகள் மறுபடி ஆள் கேட்டபோது, இந்தப் புகாருக்கு முதலில் பதில் சொல் என்றது இந்திய அரசு. 1872இல் நெட்டாலில் விசாரணைக் குழு போட்டார்கள். குடியேறிகளுக்குப் ‘பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரி வந்தார். 1874இல்தான் மறுபடி கப்பல் ஓடியது. பாதுகாவலர் யாரைப் பாதுகாத்தார் என்பது வேறு கதை. பண்ணையார் எதிரில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஜனங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் சொன்ன சொல்லுக்கு இரண்டு சர்க்கார் பதில் சொல்ல வேண்டிவந்தது. நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரிகூட இல்லை.

கரையில் பேசிய வாய்க்கு ஊரில் என்ன கிடைத்தது? நெட்டாலுக்கு நிறையப் பேரை அனுப்பிய வட ஆர்க்காட்டில், ஒரு சேரியில் கிழவி ஒருத்தி எனக்குச் சொன்னது இது: “எங்க பாட்டனாரு நெட்டாலு போயி வந்தவரு. செருப்பு போட்டுக்கினு ஊர்த்தெருவுல வந்தாராம். கழட்டி கையில எடுடான்னாங்களாம். அட்த்த கப்பலுக்கே போறன்னு பூட்டாரு. அப்பறம் வர்ல.” திரும்பி வந்து மறுபடி கப்பல் ஏறியவர்கள் நிறைய. அதற்கு வறுமைதான் காரணம் என்று பொருளாதாரம் எழுதுகிறவர்கள் சொல்வார்கள். செருப்பு அவர்கள் கணக்கில் வராது.

அங்கேயும் இருக்க விட்டார்களா? ஒப்பந்தம் முடிந்தால் மறுபடி கூலியாகு, இல்லையேல் ஊருக்குப் போ, இரண்டும் மாட்டேன் என்றால் வருஷம் 3 பவுன் வரி கட்டு என்று 1895இல் சட்டம் போட்டார்கள். ஐந்தாம் வருஷத்துச் சம்பளமே மாதம் 14 ஷில்லிங். 3 பவுன் என்பது 60 ஷில்லிங், நாலு மாசச் சம்பளத்துக்கும் மேல். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1914இல்தான் அந்த வரி ஒழிந்தது. 1927 கேப்டவுன் ஒப்பந்தத்தில் வேறு ரூபம்: தானாகப் போகிற பெரியவருக்கு 20 பவுன், பிள்ளைக்கு 10 பவுன். அங்கேயே பிறந்தவர்களும் இதில் வந்து இறங்கினார்கள். ‘தாயகம் திரும்பினார்கள்’ என்று காகிதத்தில் எழுதினார்கள். கண்ணால் பார்த்தே இராத தாயகம். ஜாதி பாராமல் அங்கே சேர்ந்து வாழ்ந்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தால் எந்தத் தெருவில் குடிவைப்பது? 1931இல் பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்கள் பட்ட பாட்டை விசாரித்து அறிக்கையாகவே போட்டார்கள்.

இதற்கு நடுவே இன்னொருவரும் அதே கடல் வழியாகத் திரும்பினார். இரட்டைமலை சீனிவாசன். 1893இல் ‘பறையன்’ பத்திரிகை நடத்தியவர். 1900 வாக்கில் லண்டன் போகக் கிளம்பித் தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்து, நெட்டாலில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். 1920களின் தொடக்கத்தில் வந்து 1923இல் சட்டசபை உறுப்பினர் ஆனார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன தெரியுமா? பொதுத் தெருவில் யாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கலாம். செப்டம்பரில் அரசாணை ஆயிற்று. நெட்டால் கோர்ட்டில் எத்தனை கூலிக்காரனின் வார்த்தையை அவர் இங்கிலீஷில் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. டர்பனிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் ஒரு தாளோடு வட ஆர்க்காட்டில் ஊர் தேடினார்கள். நான் கூடப் போனேன். தாளில் எண், ஊர்ப்பெயர், ஜாதி எல்லாம் இருந்தது. டீக்கடையில் இருந்த பெரியவர் வாங்கிப் பார்த்தார். ஊர்ப்பெயரைப் பார்த்ததும் சந்தோஷமாக, “நம்ம ஊருதான், வாங்க உக்காருங்க” என்றார். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் படித்தார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, “இவங்க அந்தாண்ட, ஏரிக்கரை தாண்டிப் போகணும்” என்று என்னிடம் சொன்னார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அந்தப் பெண் காரை அங்கேயே விடச் சொல்லிவிட்டு, ஊர்த்தெரு வழியாக நடந்தே ஏரிக்கரைக்குப் போனாள்.