400ஆம் இலக்கப் பூனை

2021 யூன் மாதம் நினைவிருக்கா? எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய நாட்கள். எங்கட வீட்டில் இரண்டு கிழமைக்கு மீன் சமைக்கவில்லை. "கப்பல் எரிஞ்சது அந்தப் பக்கம், இது எங்கட கடல் மீன்" எண்டு மீன்கார அண்ணை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அசையவில்லை. "சாப்பிடலாம் எண்டு ஆரும் பொறுப்பாச் சொன்னவையோ?" எண்டு மட்டும் கேட்டா.

அம்மாவின் கேள்விக்கு யார் பதில் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. அதற்கு 65 வருடம் பின்னால், ஜப்பானில் மினமாட்டா என்ற சிறிய கரையோர ஊருக்குப் போக வேண்டும். எங்களில் பலருக்கு மினமாட்டா பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு வரி: பாதரசம், மீன், நோய். அந்த ஒரு வரிக்குள் 12 வருடங்கள் ஒளிந்திருக்கின்றன.

1956 மே 1ஆம் திகதி, ஹஜிமே ஹொசொகாவா என்ற வைத்தியர் உள்ளூர் சுகாதார அலுவலகத்துக்கு ஓர் அறிவித்தல் கொடுத்தார். நரம்பு மண்டலத்தைத் தாக்கும், காரணம் தெரியாத நோய் ஒன்று பரவுகிறது என்றார். சில நாட்களுக்கு முன்தான் நடக்கவும் பேசவும் முடியாத ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை அவரது வைத்தியசாலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தேடிப் பார்த்தால் அயலெல்லாம் அதே நோய். கை நடுங்குது, வாய் குழறுது, பார்வை சுருங்குது. மீனவக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. அதற்கு முன்பே அவர்களின் பூனைகள் தலைதெறிக்கச் சுழன்று, ஆடுவதுபோல் துள்ளிச் செத்துக்கொண்டிருந்தன. காகங்கள் வானத்திலிருந்து விழுந்தன.

ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். ஹொசொகாவா அரச வைத்தியர் அல்ல. அந்த ஊரின் சிஸ்ஸோ என்ற இரசாயனக் கொம்பனி நடத்திய வைத்தியசாலையின் பணிப்பாளர். சிஸ்ஸோதான் மினமாட்டா. 1908இல் அங்கே வந்த தொழிற்சாலை அது. 1960களின் தொடக்கத்தில் நகரத்தின் வரி வருமானத்தில் பாதிக்கு மேல் கொம்பனியிடமிருந்தும் அதன் ஊழியர்களிடமிருந்தும் வந்தது. 1932 முதல் அங்கே அசெற்றல்டிகைட் தயாரித்தார்கள். அதற்கு ஊக்கியாகப் பாவித்தது பாதரச சல்பேற்று. அந்தத் தாக்கத்தின்போது சிறிதளவு மெதைல் பாதரசமும் உருவாகும். அது கழிவுநீரோடு குடாவுக்குள் போனது.

கடல் பெரிது, கலந்து கரைந்துவிடும் எண்டு எங்களுக்கும் தோன்றும். ஆனால் மெதைல் பாதரசம் உயிர்களின் உடம்பில் தங்கிவிடும். நுண்ணுயிர்களிலிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு, பிறகு பூனைக்கும் மனிதருக்கும் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு கூடும். கடல் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருக்கும், விசம் கறிச்சட்டியில் இருக்கும்.

முதலில் இதைத் தொற்றுநோய் என்று நினைத்தார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குக் கிருமிநாசினி அடித்தார்கள், அயலவர்கள் ஒதுக்கினார்கள். 1956 ஓகஸ்டில் குமமொட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு வந்தது. அவ்வருட நவம்பரிலேயே அது ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: இது தொற்று அல்ல, ஒரு பார உலோகத்தின் நஞ்சு, உடம்புக்குள் போகும் வழி குடாவின் மீனும் மட்டியும். எந்த உலோகம் என்பது மட்டும்தான் மிச்சம்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மீனை நிறுத்த உலோகத்தின் பெயர் தேவையில்லையே? ஆனால் 1957இல் மாகாண அரசு உணவுச் சட்டத்தின் கீழ் மீனைத் தடை செய்யலாமா என்று கேட்டபோது மத்திய சுகாதார அமைச்சு மறுத்தது. குடாவில் உள்ள எல்லா மீனும் நஞ்சானது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லையாம். எல்லா மீனையும் யார் பிடித்துச் சோதிப்பது?

ஆய்வாளர்கள் மங்கனீசு, செலெனியம், தாலியம் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். தொழிற்சாலைக்குள் என்ன பாவிக்கிறார்கள் என்பதைக் கொம்பனி திறந்து சொல்லவில்லை. வழி காட்டியது ஒரு பழைய மருத்துவக் கட்டுரை. இங்கிலாந்தில் விதைகளுக்குப் பூசும் மெதைல் பாதரச மருந்து செய்த தொழிலாளர்களுக்கு வந்த நோயைப் பற்றி 1940இல் எழுதியிருந்தார்கள். அறிகுறிகள் அச்சொட்டாகப் பொருந்தின. பிறகு அளந்து பார்த்தார்கள். கழிவு வாய்க்கால் வாயிலிருந்த சேற்றில் தொன்னுக்கு 2 கிலோ பாதரசம். கரையோர மக்களின் தலைமுடியில் கூடியது மில்லியனில் 705 பங்கு. வெளியூர்க்காரருக்குச் சராசரி 4. 1959 யூலையில் குழு அறிவித்தது: சேதன பாதரசம்தான் காரணம்.

அதே யூலையில், கொம்பனி வைத்தியசாலையில் ஹொசொகாவா தானே ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். அசெற்றல்டிகைட் பகுதியிலிருந்து வரும் கழிவுநீரைச் சாப்பாட்டில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். அதன் இலக்கம் 400. ஒக்டோபர் 7ஆம் திகதி அந்தப் பூனை தள்ளாடியது, வலித்தது, சுழன்றது. அதாவது, கழிவுநீர்தான் காரணம் என்பதற்கான சான்று கொம்பனியின் கைக்கே வந்துவிட்டது. கொம்பனி அந்தப் பரிசோதனையை மேலே கொண்டுபோக விடவில்லை. முடிவு வெளியே போகவும் இல்லை. ஹொசொகாவாவும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைத் தொடராக வைத்துப் பாருங்கள். நவம்பரில் அமைச்சின் குழு "சேதன பாதரசம்" என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த நாளே அந்தக் குழு கலைக்கப்பட்டது. டிசம்பரில் கொம்பனி ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தைத் திறந்து வைத்தது. அதிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட தண்ணீரைத் தலைவரே குடித்துக் காட்டினார். உண்மையில் அசெற்றல்டிகைட் கழிவு அதன் வழியாகப் போகவேயில்லை. டிசம்பர் 30இல் நோயாளிகளோடு ஒரு "அனுதாபப் பண" ஒப்பந்தம். இறந்தவருக்கு 3 இலட்சம் யென். தொழிற்சாலைதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு கேட்கக்கூடாது என்று அதில் ஒரு நிபந்தனை. காரணம் தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கிய கையெழுத்து அது.

இடையில் வேறு "ஆய்வுகளும்" வந்தன. யுத்தம் முடிந்தபோது கடலில் கொட்டிய வெடிபொருள்தான் காரணம் என்றார் ஒருவர். பழுதான மீனிலிருந்து வரும் அமீன் என்றார் இன்னொருவர். இவை உண்மையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. "நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு" எண்டு பத்திரிகையில் வந்தால் போதும். சந்தேகத்தையும் ஒரு தொழிற்சாலையில் தயாரிக்கலாம்.

எதிர்ப்பக்கத்துச் சான்றை வைத்திருந்தவர்கள் தாய்மார். மசஸுமி ஹரடா என்ற இளம் வைத்தியர் கரையோர வீடுகளுக்கு நடந்து போனார். பிறந்தது முதலே அசைய முடியாத பிள்ளைகளைக் கண்டார். சூல்வித்தகம் நஞ்சைச் சிசுவுக்குப் போக விடாது என்பதுதான் அந்தக் காலத்து மருத்துவப் பாடம். தாய்மார் ஒத்துக்கொள்ளவில்லை: மீன் சாப்பிட்டது நான், நஞ்சை வாங்கினது என்ர பிள்ளை. 1962இல் 16 பிள்ளைகளின் நோய் பிறவியிலேயே வந்த மினமாட்டா நோய் என்று ஏற்கப்பட்டது. பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பெட்டியில் பாதுகாப்பது ஜப்பானிய வழக்கம். பிறகு அந்தக் கொடிகளை வாங்கிச் சோதித்தபோது எந்த வருடம் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு பாதரசம் என்பது தெரிந்தது. அரசு வைத்திருக்காத பதிவேடு வீட்டு அலுமாரிகளில் இருந்தது.

கழிவு 1968 மே மாதம் நின்றது. நீதி வென்றதால் அல்ல. அந்தத் தயாரிப்பு முறை பழசாகி, பெற்றோலிய முறை வந்துவிட்டதால். நாலு மாதம் கழித்து, செப்டெம்பரில், தொழிற்சாலைதான் காரணம் என்று அரசு உத்தியோகபூர்வமாகச் சொன்னது. அதற்குள் 1965இல் நீகாட்டாவில் இன்னொரு கொம்பனியின் கழிவால் அதே நோய் இரண்டாம் தடவை வந்திருந்தது.

1970இல் ஹொசொகாவா புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபடி நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்னார். 400ஆம் பூனையின் கதை அப்போதுதான் நீதிமன்றப் பதிவில் ஏறியது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். அவரை வீரர் என்பதா, குற்றவாளி என்பதா? எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நோயை முதலில் அறிவித்தவரும் அவர்தான், 11 வருடம் சான்றை வைத்திருந்தவரும் அவர்தான்.

1973 தீர்ப்பு நோயாளிகள் பக்கம் வந்தது. அதன் சாரம் இதுதான்: இரசாயனத் தொழிற்சாலை தன் கழிவால் கேடில்லை என்பதை வெளியே விடுவதற்கு முன்பே உறுதிப்படுத்த வேண்டும். அனுதாபப் பண ஒப்பந்தமும் செல்லாது என்றானது. நோயாளிகளாகச் சான்றளிக்கப்பட்டவர்கள் மட்டும் 2,200 பேருக்கு மேல். அரசுக்கும் பொறுப்புண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2004 ஆகிவிட்டது.

இப்போது எங்கட கடலுக்கு வருவோம். எக்ஸ்பிரஸ் பேர்ளில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலம், சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் குறுமணிகள், இன்னும் பல இரசாயனங்கள். 2025 யூலையில் எங்கட உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. பெரிய தீர்ப்புத்தான். ஆனால் மினமாட்டாவின் தலைமுடியை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. 705 என்ற எண்ணுக்கு அர்த்தம் கொடுத்தது வெளியூர்க்காரரின் 4. எதனோடும் ஒப்பிட முடியாவிட்டால் அளவு சும்மா ஓர் எண். கப்பல் எரியாத சாதாரண நாட்களிலும் தண்ணீரை, சேற்றை, மீனை அளந்து, எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேணும். அப்போதுதான் எரிந்த அடுத்த நாள் "ஆதாரம் எங்கே?" எண்டு கேட்பவருக்குக் காட்ட ஏதும் இருக்கும். கடற்றொழிலாளர் சங்கமும் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் சேர்ந்தால் தொடங்கக்கூடிய வேலைதான்.

அம்மா மூன்றாம் கிழமை மீன் வாங்கினா. யாரும் பொறுப்பாகப் பதில் சொன்னதால் அல்ல, மரக்கறி விலை ஏறிவிட்டதால்.