துணை உணவு: சென்னைக் குழந்தைகளின் உணவு வகையும் வேளையும்

துணை உணவு என்பது ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டும் கெட்டியான உணவு. அங்கன்வாடிகளில் இதை இணை உணவு என்பார்கள். ஆறு மாதம் முடிந்தது முதல் இரண்டு வயது நிறையும் வரையிலான 18 மாதங்கள் இதற்குரிய காலம். குழந்தைக்குக் கிடைப்பது போதுமா என்பதை இரண்டு கேள்விகளால் அளக்கிறார்கள். நேற்று எத்தனை வகை உணவு சாப்பிட்டது? எத்தனை வேளை சாப்பிட்டது? மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கத்து வீடுகளில் இரண்டாவது கேள்வியைப் பாட்டியிடம் கேட்டால் உடனே பதில் வரும். முதல் கேள்வியைத்தான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அரிசியும் உளுந்துமே இட்லி, தோசை, ஆப்பம் என்று வேறு வேறு பெயரில் தட்டுக்கு வரும் ஊர் இது.

அளவுகோல்

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2008இல் வெளியிட்ட குறியீடுகள் 2021இல் திருத்தப்பட்டன. இப்போதைய கணக்கில் எட்டுத் தொகுதிகள் உள்ளன: தாய்ப்பால்; தானியமும் கிழங்கும்; பருப்பு, கொட்டை, விதை; பாலும் தயிரும்; மீன், இறைச்சி, ஈரல்; முட்டை; வைட்டமின் ஏ மிகுந்த காய், கனி, கீரை; மற்ற காய்களும் கனிகளும். ஒரு பகல் ஒரு இரவுக்குள் இவற்றில் ஐந்து தொகுதிகளாவது குழந்தையின் வாய்க்குள் போயிருக்க வேண்டும். பழைய கணக்கில் தாய்ப்பால் தனித் தொகுதியாக இல்லை. ஏழில் நான்கு போதும் என்றிருந்தது.

வேளைக் கணக்கு இன்னும் எளிது. தாய்ப்பால் குடிக்கும் 6 முதல் 8 மாதக் குழந்தைக்கு இரண்டு வேளை, 9 முதல் 23 மாதக் குழந்தைக்கு மூன்று வேளை. தாய்ப்பால் நின்றுபோன குழந்தைக்குப் பாலையும் சேர்த்து நான்கு வேளை. அதில் ஒன்றாவது கெட்டி உணவாக இருக்க வேண்டும். இவை குறைந்தபட்ச அளவுகள். இதைத் தொட்டுவிட்டால் போதும் என்று அர்த்தமில்லை.

வகைக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதற்கு, 2004இல் மேரி அரிமாண்டும் மேரி ரூயலும் 11 நாடுகளின் மக்கள்நல ஆய்வுத் தரவுகளை வைத்து வெளியிட்ட கட்டுரை முக்கியமான சான்று. உணவு வகை கூடிய குழந்தைகளின் உயரமும் பெரும்பாலான நாடுகளில் கூடியிருந்தது. வீட்டின் வசதியைக் கணக்கில் எடுத்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு பல இடங்களில் நின்றது.

ஒரு நாள் தட்டு

பத்து மாதக் குழந்தை ஒன்றின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நெய் தடவிய இட்லி. நடுப்பகலில் குழைய வடித்த பருப்புச் சாதம், மேலே கொஞ்சம் ரசத் தெளிவு. சாயங்காலம் கேழ்வரகுக் கஞ்சி. ராத்திரி தயிர் சாதம். நடுநடுவே தாய்ப்பால். அக்கறையுள்ள எந்த வீட்டிலும் காணக்கூடிய நாள்தான். நான்கு வேளை ஆகிவிட்டதால் வேளைக் கணக்கில் குறையே இல்லை.

வகையை எண்ணினால் கதை மாறுகிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும் இருப்பதால் தானியம் ஒன்று, பருப்பு இரண்டு. பருப்புச் சாதத்தில் அதே இரண்டும் திரும்ப வருகின்றன. கேழ்வரகு மறுபடியும் தானியம். தயிர் மூன்று, தாய்ப்பால் நான்கு. நெய் கொழுப்புக் கணக்கில் போகும். பால் தொகுதியில் சேராது. ரசத் தெளிவில் தக்காளியின் வாசனை இருக்கலாம், அதைக் காய் என்று எண்ண முடியாது. ஆக நான்கோடு நிற்கிறது.

விடுபட்ட ஐந்தாவதை வாங்கப் பெரிய செலவில்லை. மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் தெருவோரம் விற்கும் பரங்கிக்கீற்று ஒரு துண்டை வேகவைத்து மசித்தால் ஆயிற்று. முருங்கை இலையை உருவி, பருப்போடு சேர்த்து வேகவிட்டுக் கடைந்தாலும் ஆயிற்று. பழுத்த மலைவாழைப்பழம், பப்பாளி, சப்போட்டா எதுவும் ஆகும். ஒரு முட்டை சேர்ந்தால் ஆறு. சென்னையில் குழந்தை உணவின் பெரிய ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்குப் பொரியலும் கூட்டும் சமைத்திருப்பார்கள். குழந்தையின் கிண்ணத்துக்கு மட்டும் அது வராது. காய் செரிக்காது, கீரை மந்தம், வாழைப்பழம் சளி என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வெள்ளைச் சோறும் பருப்பும் மிஞ்சும்.

வீட்டில் அரைக்கும் சத்துமாவையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, பாசிப்பயறு, பாதாம், முந்திரி என்று சாமான் எத்தனை சேர்த்தாலும் அவை தானியம், பருப்பும் கொட்டையும் என்ற இரண்டே தொகுதிகளுக்குள் அடங்கிவிடும். சத்துமாவு நல்ல உணவு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதுவே எல்லாமும் ஆகிவிடாது. முதல் உணவாகவும் அதைக் கொடுக்கக் கூடாது. புதிய பொருளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் பார்த்த பிறகு அடுத்ததைச் சேர்த்தால்தான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும்.

இரும்புச்சத்து

வகைக் குறைவு முதலில் இரத்தத்தில் தெரியும். தாயின் வயிற்றிலிருந்து குழந்தை கொண்டுவரும் இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துபோகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 9 முதல் 11 மாதக் குழந்தைக்கு வேண்டிய இரும்பில் சுமார் 97 விழுக்காடும், துத்தநாகத்தில் 86 விழுக்காடும் துணை உணவிலிருந்தே வந்தாக வேண்டும் என்பது ஊட்டச்சத்து அறிஞர்களின் கணக்கு. தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. எலுமிச்சை, கொய்யா, நெல்லிக்காய் போன்றவற்றின் வைட்டமின் சி கூட இருந்தால் ஓரளவு சேரும். மீனிலும் ஈரலிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு நேராகச் சேரும்.

மயிலாப்பூரிலிருந்து கிழக்கே போனால் நொச்சிக்குப்பம், அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே ஊரூர் குப்பம். கரையில் வந்திறங்கும் கிழங்கானையோ சங்கராவையோ அவித்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுத்து, சோற்றோடு மசித்தால் எட்டு மாதக் குழந்தையும் சாப்பிடும். மீன் வீட்டுக்கு வந்தும் குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டும் என்று தள்ளிப்போடும் வழக்கம் மீன் சாப்பிடும் வீடுகளிலும் உண்டு. தள்ளிப்போட மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. முட்டைக்கும் இதுவே பொருந்தும். நன்றாக வெந்த முட்டையை ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கலாம்.

சைவ வீடுகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் முட்டை, மீன், இறைச்சியைத் தினசரி உணவில் சேர்க்கச் சொல்கிறது. அவற்றை ஒதுக்கும் வீட்டில் பயறு, கீரை, தயிர், புளிப்புப் பழம் நாள்தோறும் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு வாரம் இருமுறை கொடுக்கச் சொல்லித் தரும் இரும்புச்சத்து டானிக்கைத் தவறவிடக் கூடாது.

வேளையும் கெட்டியும்

குழந்தையின் வயிறு சிறியது. உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவுதான் ஒரு வேளைக்குக் கொள்ளும். எட்டு கிலோ குழந்தைக்கு அதிகம் போனால் 240 கிராம். தாய்ப்பாலுக்கு மேல் தேவைப்படும் ஆற்றலோ 6 முதல் 8 மாதத்தில் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி, 9 முதல் 11 மாதத்தில் 300, ஒரு வயதுக்குப் பிறகு 550. வடித்த கஞ்சித் தண்ணீரையும் கரைத்த ரசச் சோற்றையும் கொடுத்தால் வயிறு நிறைந்துவிடும், ஆற்றல் சேராது. குழந்தையும் அழாது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம்தான் சரியான பதம். மசித்த சோற்றில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்ப்பது பழைய வழக்கம். ஆற்றலைக் கூட்ட அது உண்மையிலேயே உதவுகிறது.

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் கைப்பழக்கத்திலும் அறிவியல் இருக்கிறது. முளைக்கும்போது உண்டாகும் அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால், கூடுதல் மாவு போட்டாலும் கூழ் இறுகிக் களியாவதில்லை. பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் 1980களில் இதை ஆராய்ந்து குழந்தை உணவுக்குப் பரிந்துரைத்தார்கள்.

ஊட்டும் நேரம் யாருக்கு இருக்கிறது என்பதிலேயே வேளைக் கணக்கு முடிகிறது. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். விடுப்பு முடியும் நாளும் துணை உணவு தொடங்கும் நாளும் ஏறக்குறைய ஒன்று. தாயின் கை மிகவும் தேவைப்படும் வாரத்தில் அவர் அலுவலகம் திரும்புகிறார். தி. நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு வீட்டில் ஊட்ட ஆள் வேண்டும். அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் பலர் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். விடுப்பு என்ற சொல்லே அவர்கள் வேலையில் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் குழந்தைக்கு மூத்த பிள்ளை வாங்கிக் கொடுக்கும் பிஸ்கட் ஒரு வேளையாகிவிடுகிறது. இதைத் தாயின் அறியாமை என்று சொல்வது நியாயமில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது; அதைக் கேட்டு வாங்குவதே இங்கு முதல் ஊட்டச்சத்துப் பணி.

அரசின் பங்கு

தி. நகருக்குப் பெயர் கொடுத்த பி. தியாகராயச் செட்டியார் தலைமையிலான சென்னை மாநகராட்சி, 1920இல் ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் என்று அந்த வழி நீண்டது. மூன்றும் பெருமைக்குரியவை. ஆனால் பள்ளித் தட்டு வரும்போது குழந்தைக்கு ஐந்து வயது. வளர்ச்சி தடைபடும் காலம் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த வயதைக் குறிவைத்த முன்னோடி முயற்சி, உலக வங்கி உதவியோடு 1980 முதல் 1989 வரை நடந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, தாயிடம் உட்கார்ந்து பேசினார்கள். அது கிராமத் திட்டம். நகரத்தில் இந்தப் பொறுப்பு 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடிகளிடம் இருக்கிறது. சென்னையில் இன்றும் பால்வாடி என்றே சொல்கிறார்கள். இங்கே 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவில் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லத்தோடு வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்திருக்கும். எடை குறைந்த குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் கண்டறிந்து தனியாகக் கவனிக்க 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் 2022 மே மாதம் தொடங்கியது. ரேஷன் கடையில் அரிசி 2011 முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அரசு தரும் கை இந்த இரண்டு தொகுதிகளில் வலுவானது. காயும் பழமும் மீனும் வீட்டுக் காசில் வர வேண்டும்.

எண்கள்

தேசிய குடும்பநல ஆய்வு வகையையும் வேளையையும் சேர்த்து 'போதிய உணவு' என்று அளக்கிறது. 2015-16ஆம் ஆண்டின் நான்காம் ஆய்வில் தமிழ்நாட்டின் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் சுமார் 31 விழுக்காட்டினருக்குப் போதிய உணவு கிடைத்தது. ஐந்தாம் ஆய்வில் அது சுமார் 16 ஆக இறங்கியது. அந்த ஆய்வின் களப்பணி 2020 ஊரடங்குக்கு முன்னும் பின்னுமாக நடந்தது என்பதை மறக்கக் கூடாது. இந்திய அளவு 9.6இலிருந்து 11.3 ஆனது. இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இரத்தசோகை 50.7இலிருந்து 57.4 விழுக்காடாக ஏறியது. மருத்துவ வசதியில் முன்வரிசையில் நிற்கும் மாநிலத்துக்கு இது வெட்கப்பட வேண்டிய எண்.

விலக்க வேண்டியவை

ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் பச்சைக் குழந்தைக்கு ஆபத்தான தசைத் தளர்ச்சியைத் தரும். முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, திராட்சை தொண்டையில் அடைக்கும். பொடித்தோ மசித்தோதான் கொடுக்க வேண்டும். இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பது நல்லது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. அப்படி ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால் அது சட்டத்துக்குப் புறம்பானது. கைப்பேசியைக் காட்டி வாயில் திணிப்பதால் வேளை கூடும், குழந்தைக்குப் பசி தெரியாமல் போகும். புதிய காயைக் குழந்தை துப்பினால் அது பிடிக்காததால் என்று முடிவு கட்ட வேண்டாம்; பல நாள் கொடுத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் ஏற்கின்றன.

அங்கன்வாடியில் குழந்தையின் பெயரைப் பதிய வருமான வரம்பு கிடையாது. மாடவீதியில் இருப்பவரும் குப்பத்தில் இருப்பவரும் பதியலாம். ஆறு மாதம் முடிந்த வாரத்திலேயே போய்ப் பதிந்து, மாதந்தோறும் எடை போட்டுக்கொள்ளுங்கள். அன்று வீட்டில் சமைத்த காயிலிருந்து உப்பும் காரமும் போடும் முன் ஒரு கரண்டி எடுத்துக் குழந்தையின் கிண்ணத்தில் மசித்து வையுங்கள்.