கோடு போட்ட பற்கள்

ஒரு பையனின் பல் மஞ்சளாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால், "ஒழுங்கா பல் தேய்க்கிறதில்லையா?" என்றுதான் நமக்கு உடனே கேட்கத் தோன்றும். சில குடும்பங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியே தப்பு. அது ஏன் தப்பு என்று தெரிந்துகொள்ள நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் எனாமல் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஆனால் ஆரம்பத்தில் அது வெறும் புரதக் கூழ். அமிலோபிளாஸ்ட் என்ற செல்கள் அந்தக் கூழைச் சுரக்கின்றன. அதில் பெரும்பகுதி அமிலோஜெனின் என்ற புரதம். வீடு கட்டும்போது சாரம் கட்டுவோமே, அந்த மாதிரி. அந்தச் சாரத்துக்குள் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நீளமாக வளரும். பிறகு நொதிகள் வந்து சாரத்தைப் பிரித்துவிடும், காலியான இடத்தில் படிகங்கள் தடித்து நெருங்கும். சாரம் சரியாக அமையாவிட்டால் எனாமல் மெலிந்துபோகலாம். பிரிக்காமல் விட்டாலோ கனமாக இருக்கும், ஆனால் உதிரும்.

நான் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். தப்போடு ரிலீஸ் ஆனால் மறுநாள் ஒரு பேட்ச் போட்டுவிடுவேன். எனாமலுக்கு அந்த வசதி கிடையாது. பல் முளைத்து வெளியே வரும்போது அமிலோபிளாஸ்ட்கள் அழிந்துபோகின்றன. கட்டிய டீமே கலைந்தபின் யார் திருத்துவது?

இந்தக் கோளாறுக்கு அமிலோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா என்று பெயர். 1945இல் வைன்மன், ஸ்வோபோடா, வுட்ஸ் மூவரும் பரம்பரையாக வரும் இந்தக் குறைகளை இரண்டாகப் பிரித்தார்கள்: எனாமலின் அளவே குறைவது ஒன்று, அளவு இருந்தும் இறுகாமல் போவது இன்னொன்று.

சில குடும்பங்களில் ஒரு புதிர் இருந்தது. பாதிக்கப்பட்ட அப்பாவிடமிருந்து எல்லா மகள்களுக்கும் குறை போகும், மகன்களுக்குப் போகாது. ஆக, மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதுவரை சரி. ஆனால் ஆண்களுக்குப் பல் முழுக்கப் பாதிப்பு. பெண்களுக்கு மட்டும் நல்ல எனாமலும் கெட்ட எனாமலும் மாறி மாறி, மேலிருந்து கீழாகக் கோடுகள். ஏன்?

விடைக்கான சாவி எலியின் ரோமத்தில் இருந்தது. பெண் செல் ஒவ்வொன்றும் தன் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை, கருவின் ஆரம்பத்திலேயே, குருட்டாம்போக்கில் அணைத்துவிடுகிறது என்று 1961இல் இங்கிலாந்தின் மேரி லயன் சொன்னார். அந்தச் செல்லின் வாரிசுகளும் அதே முடிவைத் தொடரும். பெண் எலியின் ரோமம் திட்டுத்திட்டாக இருப்பது அதனால்தான். பல்லில் உள்ள கோடுகளும் அதே கதைதான் என்று 1967இல் கார்ல் விட்காப் எழுதினார். நல்ல எக்ஸை வைத்துக்கொண்ட செல்கள் கட்டியது ஒரு கோடு, பழுதானதை வைத்துக்கொண்டவை கட்டியது அடுத்த கோடு.

1991இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முன்நின்ற குழு பழுது இருந்த இடத்தையே காட்டியது. ஒரு குடும்பத்தில், எக்ஸில் உள்ள அமிலோஜெனின் மரபணுவில் சுமார் 5,000 எழுத்துகள் காணாமல் போயிருந்தன. ஆண்களின் ஒய் குரோமோசோமிலும் இதன் நகல் உண்டு. ஆனால் அது தயாரிக்கும் புரதம் மிகக் குறைவு, பல்லைக் காப்பாற்றப் போதாது.

அதன்பின் பட்டியல் நீண்டது. 2001இல் எனாமெலின் மரபணு. 2004, 2005இல் சாரம் பிரிக்கும் இரண்டு நொதிகளின் மரபணுக்கள்.

இன்றும் பல் மருத்துவர் செய்யக்கூடியது அந்தப் பல்லை மூடிக் காப்பதுதான்; எனாமலைத் திரும்ப வளர்க்க முடியாது. எனாமல் இல்லாத பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுள்ளென்று இழுக்கும். பிரஷ் பட்டாலும் வலிக்கும். வலிக்குப் பயந்து அந்தப் பையன் சில நாள் சரியாகத் தேய்க்காமல் விடுவான், கறை இன்னும் ஏறும்.

நாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறோம். தேய்க்காததால் பல் அப்படி ஆகவில்லை. பல் அப்படி இருப்பதால்தான் அவனால் தேய்க்க முடியவில்லை.