பட்டன் பெட்டியும் பெரட்டுத் தப்பும்

கினிகத்தேனை என்ற பேரைச் சிங்களத்தில் பிரித்துப் பார்த்தால் ‘தீப்பிடித்த சேனை’ என்று வரும். வட்டவளையிலிருந்து கித்துல்கலை வரைக்கும் மழையில் ஊறிக்கிடக்கிற பக்கத்துக்கு இப்படி ஒரு பேர். தப்பு அடிக்கிறவர்களுக்கு மட்டும் அது சரியாகப் பொருந்தும். தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிட்டால் நெருப்பில் காய்ச்சி எடுக்காமல் ஒரு அடியும் உருப்படியாக விழாது.

லேப்டொப்பில் டீஜே செய்கிற பொடியன்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. “இரண்டு தட்டு வைத்த சின்னக் கன்ட்ரோலர் இருக்கு, பக்கத்தில வைக்க ஒரு பேட் பெட்டி வாங்கணும், எதை வாங்கலாம்?” விலைப்பட்டியலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல ஏலாது. ஒவ்வொரு பெட்டியும் யாரோ ஒருவருடைய கைக்கு வந்த பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தது. அந்தக் கை உங்களுடையதா என்று தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போகத்தான் வேண்டும்.

1973 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹேர்க் என்ற இளைஞர் தங்கச்சியோடு சேர்ந்து ஒரு பார்ட்டி வைத்தார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஓடுகிற இடத்தில்தான் சனம் துள்ளுகிறது என்று கண்டுபிடித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்த இடத்தையே நீட்டினார். பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கித் தெருவையே அதிர வைக்கும் பழக்கம் ஜமைக்காவிலிருந்து போனது. அதுவும் வெள்ளைக்காரன் தோட்டம் போட்ட மண்தான், அங்கே கரும்பு. பிறகு கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அந்த இடம் தட்டில் எங்கே இருக்கிறது என்று கிரேயனால் கோடு போட்டு வைத்தார். இன்றைக்கு ‘ஹொட் கியூ’ என்று நாங்கள் அமத்துகிற பட்டன் அந்தக் கிரேயன் கோடுதான். 2001இல் வந்த பயனியர் சிடிஜே-1000 சீடி இயந்திரத்தில் அப்படி 3 பட்டன் இருந்தது.

தட்டிலிருந்து கணினிக்கு வந்தபோது சிக்கல் தொடங்கியது. 2004இல் செராட்டோ ஸ்கிராச் லைவ் வந்த பிறகு உண்மையான டர்ன்டேபிளில் ஒரு விசேஷத் தட்டைச் சுற்றிக்கொண்டே லேப்டொப்பில் உள்ள பாட்டை ஓட்ட முடிந்தது. ஆனால் கியூவுக்குத் தாவ வேண்டுமென்றால் ஒரு கையை எடுத்து விசைப்பலகையைத் தட்ட வேண்டும். மேடையில் நிற்கிறவன் மின்னஞ்சல் பார்க்கிற மாதிரித் தெரிவான். இதைத் தீர்க்கத்தான் 2010இல் நொவேஷன் கம்பனி ‘டைசர்’ என்ற இரட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தது. பகடைக்காய் மாதிரிப் புள்ளி போட்ட 5 பட்டன் ஒவ்வொன்றிலும். டெக்னிக்ஸ் டர்ன்டேபிளின் மூலையில் 45 சுற்றுத் தட்டுக்கான அடாப்டர் வைக்கும் குழிக்குள் அது கச்சிதமாக உட்காரும். எங்களைக் கேட்டால் இதுவரை வந்த கூடுதல் பெட்டிகளில் புத்திசாலித்தனமானது இதுதான். டர்ன்டேபிள் இல்லாத எங்களுக்கு அதனால் பிரயோசனம் இல்லை என்பது வேறு கதை.

இன்னொரு வழி சத்தம் செய்கிறவர்களிடமிருந்து வந்தது. ரோஜர் லின் வடிவமைத்து 1988இல் அகாய் வெளியிட்ட எம்பிசி60இல், 4க்கு 4 என்று 16 ரப்பர் பேட். மெல்லத் தட்டினால் மெல்லக் கேட்கும், ஓங்கித் தட்டினால் ஓங்கிக் கேட்கும். 2007 வாக்கில் அமெரிக்காவில் மொல்டோவர், ஈன் கோல்டன் போன்றவர்கள் பட்டன்களையே இசைக்கருவியாக வாசிப்பதற்கு ‘கன்ட்ரோலரிசம்’ என்ற பேரைப் பரப்பினார்கள். அந்த வழியில் வந்த மிடி ஃபைட்டரில் வீடியோ கேம் கடையில் இருக்கிற அதே வகைப் பட்டன். அமத்தினால் டக்கென்று பிடிக்கும், ஆனால் அடியின் பலம் அதற்குத் தெரியாது. 2009இன் முதல் லோஞ்ச்பேடில் 64 பட்டன், அதற்கும் பலம் தெரியாது. 2012இன் கொன்ட்ரோல் எஃப்1இல் 16 பேட், அதுவும் அப்படித்தான். கோர்க் நேனோபேட், அகாய் எல்பிடி8 போன்ற மலிவான சின்னப் பெட்டிகளுக்கு அடியின் பலம் தெரியும். விலை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றையும் கணினியோடு பேச வைப்பது மிடி என்ற ஒரு பொது மொழி. 1983 ஜனவரியில் இரண்டு போட்டிக் கம்பனிகளின் கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். தமிழ்ப் பாட்டுக்கு அது வர அதிக நாள் எடுக்கவில்லை. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்குவென்ஸர் பாவித்தார். அதற்கும் ஒரு வருஷம் முந்தி, 1985இல், ரோலண்ட் ‘ஆக்டாபேட்’ வந்துவிட்டது. எட்டுச் சதுரம், குச்சியால் அடிக்க. முதல் பேட்-8இல் சொந்தச் சத்தமே கிடையாது, வேறு பெட்டிக்கு மிடியில் தகவல் அனுப்பும், அவ்வளவுதான். அதாவது இன்று டீஜேக்கள் தேடுகிற ‘கூடுதல் பேட் கன்ட்ரோலர்’ என்னவோ அதேதான். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் பாடும் இசைக்குழுக்களிடம் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எப்போதோ வந்தாச்சு. தபேலாக்காரர், டோலக்காரர், டிரம்ஸ்காரர் என்று மூன்று பேர் ஏறிய வேனில் ஒருவர் ஏறினார். மற்ற இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

லண்டனில் மாயா அருள்பிரகாசம் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியை வைத்துத்தான் தன் ஆரம்பப் பாட்டுகளை உருவாக்கினார். 2005இல் ‘அருளர்’ தொகுப்பு வந்தது. இரவல் வாங்கிய பெட்டி அது. கருவி வாங்கக் காசில்லை என்று முகம் தொங்கப்போடுகிற நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.

காசு விஷயத்தையும் மறைக்கத் தேவையில்லை. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2022 ஆரம்பத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. 100 டொலர் பெட்டிக்கு அம்மா 20 நாள் கொழுந்து பறித்தால் போதும் என்பது சில கிழமைகளில் 36 நாளாக மாறியது. கடைக்காரன் லாபமும் இறக்குமதி வரியும் இதில் சேரவில்லை. அதனால் ஒரே ஒரு கம்பனி மென்பொருளோடு மட்டும் இழைகிற பெட்டியை வாங்காதீர்கள். மிக்ஸ் என்ற பேருக்கு மூன்று எக்ஸ் போட்டு எழுதுகிற இலவச மென்பொருள், மிடி பேசுகிற எந்தப் பெட்டியையும் ஏற்கும். எந்தப் பட்டன் என்ன செய்யணும் என்று நாங்களே எழுதிக் கொடுக்கலாம். யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுக்கிற பெட்டியாகவும் இருக்கட்டும். திருவிழாப் பந்தலில் ப்ளக் பொயின்ட் கிடைப்பது அம்மனே நேரில் வருவது மாதிரி.

இனி தப்புக்கு வருவோம். விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடித்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். எழுப்புகிற அடி வேறு, சாவுக்கு அடி வேறு, காமன் கூத்துக்கு வேறு, சாமி அழைக்க வேறு. லயத்துக்குள் இருந்துகொண்டே அடியைக் கேட்டு என்ன விஷயமென்று சொல்லிவிடுவார்களாம். ஒரு அடி, ஒரு கட்டளை. பட்டனுக்கு ஒரு வேலையென்று பிரித்து வைக்கும் யோசனை எங்கள் மலைக்குப் புதிதில்லை.

ஆனால் அந்த அடியை அடித்த மனிதனை ஊர் எப்படி நடத்தியது? அவன் சாதிக்கு அது விதிக்கப்பட்ட வேலை. திண்ணைக்கு வெளியே நின்று அடித்தான். கூலியைவிட ஏச்சு அதிகம். அவன் பிள்ளைகளில் பலர் குச்சியைத் தொட மாட்டோம் என்று கொழும்புக்குப் போனதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வேடிக்கை என்னவென்றால், அதே தப்புச் சத்தம் குத்துப் பாட்டுக்குள் சாம்பிளாக வந்ததும் எல்லாச் சாதியும் சேர்ந்து ஆடுகிறது. தோல் போய் ரப்பர் வந்ததும் தீட்டும் போய்விட்டதா? ஆளில்லாமல் சத்தம் மட்டும் வந்தால் ஊருக்கு வசதியாக இருக்கிறது, அதுதான் விஷயம். எங்களில் சிலர் தப்பைப் பேடில் ஏற்றுவதே கூடாது என்கிறார்கள். சிலர், ஏற்றாவிட்டால் இந்தத் தலைமுறையோடு அடியே போய்விடும் என்கிறார்கள். இரண்டு கூட்டமிட்டும் முடியவில்லை. கடைசியில் தப்புக்காரர் ஒருவரிடமே போய்க் கேட்டோம். “பதிஞ்சுக்கோங்க தம்பி. ஆனா அதை அடிக்கிற ராத்திரிக்கு எனக்கும் சம்பளம் போடணும், நானும் மேடையில நிக்கணும்” என்றார்.

அதற்குப் பிறகு பெட்டி தெரிவு சுலபமாகிவிட்டது. கியூவுக்கு மட்டுமென்றால் எந்த மலிவுப் பட்டனும் போதும். தப்புக்கு அடியின் பலம் தெரிய வேண்டும். நீளக் குச்சியின் சுண்டல் ஒரு பேடில், குட்டைக் குச்சியின் அடி இன்னொன்றில், இரண்டும் சேர்ந்தது மூன்றாவதில். 8 பேட் தாராளம், 16 வந்தால் நல்லது. 32 பேட் வைத்த டிடிஜே-எக்ஸ்பி வகையறா எங்களுக்கு வேண்டாம். அடியைத் தானாகவே தாளக் கட்டத்துக்குள் இழுத்து வைக்கிற குவாண்டைஸை நிறுத்தி வைக்கணும். அவர் வேகம் கூட்டினால் லேப்டொப்தான் அவர் பின்னால் ஓட வேண்டும், அவர் லேப்டொப் பின்னால் இல்லை. மேசைக்கு இடப்பக்கம் அவருக்கு இடம். அவர் தோல் காய்ச்சுகிற நெருப்பை வயர்களிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்பது மட்டும்தான் இன்னும் பேசி முடிவாகவில்லை.