பட்டாளத்தைப் பின்தொடர்ந்த மனைவியர்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, மயிலம் செல்லும் சாலை பிரியுமிடத்தில் கூட்டேரிப்பட்டு அமைந்துள்ளது. இன்று அது பயணிகள் பேருந்து மாறும் ஒரு சந்திப்பு. ஆயினும் அதைச் சூழ்ந்துள்ள ஊர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. வடக்கே வந்தவாசி, 1760 ஜனவரி 22ஆம் நாள் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் அங்கே மோதின. வடகிழக்கே பெருமுக்கல், அதே ஆண்டு அக்கோட்டையைக் கைப்பற்றுகையில் கூட் காயமுற்றார். மேற்கே செஞ்சி, தென்கிழக்கே புதுச்சேரி. இவ்வட்டாரமெங்கும் பல ஆண்டுகள் படைகள் போவதும் வருவதுமாக இருந்தன.

படைத்தலைவர்களின் பெயர்களைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அப்படைகளோடு சென்ற பெண்களைப் பற்றியோ நமது சரித்திர நூல்கள் சொற்பமாகவே பேசுகின்றன. திருச்சபைச் சரித்திரங்கள் அதனினும் சொற்பமாகவே பேசுகின்றன. தூரதேசத்திற்கு அனுப்பப்பட்ட போர்வீரனோடு உடன் சென்று வாழ்ந்தவள் யார்? அவளை மனைவியென்று ஏற்றவர் யார், ஏற்க மறுத்தவர் யார்? இவையே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினாக்கள்.

இங்கிலாந்தில் ஒரு படைப்பிரிவு கப்பலேறும்போது எல்லா வீரரும் தம் மனைவியரை அழைத்துவர இயலாது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி விதிப்படி நூறு வீரருக்கு ஆறு மனைவியரே அனுமதிக்கப்பட்டனர். இந்தியாவுக்கு வரும் படையாயின் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். அதிலும் மேலதிகாரியின் அனுமதி பெற்று மணந்தவளே கணக்கில் சேர்ந்தாள். யார் அந்தப் பன்னிருவர் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தனர். ‘போகலாம்’ என்ற சீட்டை எடுத்தவள் கப்பலேறினாள். ‘போகக்கூடாது’ என்ற சீட்டை எடுத்தவள் கைக்குழந்தையோடு கரையில் நின்றாள். கணவன் திரும்பப் பல ஆண்டுகள் செல்லலாம். திரும்பாமலே போகவும் கூடும்.

கப்பலேறியவளின் வாழ்வும் இனிதன்று. பாசறையின் பொதுக்கூடத்தில் ஒரு மூலையைப் போர்வையால் மறைத்து அவள் குடும்பம் நடத்தினாள். வீரர்களின் துணிகளை வெளுத்துப் பிழைத்தாள். கணவன் காய்ச்சலாலோ குண்டாலோ மாண்டால் அவளுக்குரிய உணவுப்படி வெகுநாள் நீடிக்காது. ஆகவே பலர் சில வாரங்களுக்குள் அதே படையில் மற்றொருவனை மணந்தனர். இதை ஒழுக்கக் குறைவென்று கண்டித்தல் எளிது. ஆறு மாதக் கடற்பயணத்திற்கு அப்பால், கையில் காசின்றி நின்றவளுக்கு வேறு வழி யாது?

நூற்றுக்குப் பன்னிரண்டென்றால் எஞ்சியோர் பெண்துணையின்றியே வந்தனர். இதன் விளைவைக் கம்பெனியார் அதற்கும் வெகுகாலம் முன்னரே உணர்ந்திருந்தனர். 1687இல் லண்டன் இயக்குநர்கள் சென்னைக்கு எழுதிய கடிதத்தில், கோட்டை வீரர்கள் இந்நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கத் தாம் செலவு செய்யவும் ஆயத்தமென்றும், அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் அளிக்கலாமென்றும் தெரிவித்தனர். ஞானஸ்நானத் தொட்டியருகே வராகன் எண்ணப்பட்ட இச்செய்தியை இறையியல் மாணவர் சற்று நின்று சிந்திப்பது நலம். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரோ, அத்தகைய பிள்ளைகளுக்காக 1787இல் பெண்களுக்கும் 1789இல் ஆண்களுக்கும் சென்னையில் இராணுவ அநாதை விடுதிகள் தோன்றின. தாய் உயிரோடிருக்கையிலேயே ‘அநாதை’ எனப் பெயர்பெற்ற பிள்ளைகளும் உண்டு.

இனி நமது திருச்சபையின் சரித்திரத்துக்கு வருவோம். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தைக் கூறுவோர் 1771ஆம் ஆண்டுச் சுவார்ட்ஸ் ஐயரின் நாட்குறிப்பை எடுத்துக்காட்டுவர். பாளையங்கோட்டையில் திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் வேதவசனத்தை வாசித்துக் காட்டுகிறார் என்றும், ஆங்கிலேயச் சார்ஜண்ட் ஒருவர் அவ்வேலையைத் தமதாக ஏற்றுக்கொண்டார் என்றும் அதில் குறித்துள்ளார். அந்தச் சார்ஜண்டின் மனைவி நம் சபையைச் சேர்ந்தவள் என்பதையும் அவர் உடன் எழுதுகிறார். அவள் பெயர் அங்கில்லை. கணவனின் பணிமாற்றம் அவளைத் திருச்சியிலிருந்து தெற்கே கொண்டுசென்றது. அவளோடு விசுவாசமும் சென்றது. அச்சார்ஜண்ட் இளங்கணக்கர் ஒருவருக்குத் தாமே ஞானஸ்நானமும் கொடுத்துவிட, அது ஐயருக்கு மனவருத்தம் உண்டாக்கியது. சவரிமுத்துவை நாம் நினைவுகூர்கிறோம்; சார்ஜண்டையும் நினைவுகூர்கிறோம். சபையை அவ்வீட்டுக்குள் முதலில் கொண்டுசென்ற பெண்ணை ஒரு துணைவாக்கியமாகவே விட்டுவிட்டோம்.

அதே பாளையங்கோட்டையில் மற்றொரு பெண்ணின் பெயர் நிலைத்தது. தஞ்சையிலிருந்த மராட்டியப் பிராமண விதவையொருத்தி லிட்டில்டன் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரியோடு வாழ்ந்து, அவர் மாற்றப்பட்டபோது பாளையங்கோட்டைக்கு உடன் சென்றாள். அவரிடமே கிறிஸ்தவ போதனையைக் கற்று, ஞானஸ்நானம் வேண்டினாள். முறையாக மணந்திராத நிலையில் கொடுக்கலாகாதென்று சுவார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல், அவளுக்கு ஞானஸ்நானமும் குளோரிந்தா என்னும் பெயரும் கிடைத்தன. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இடம்பெற்ற நாற்பது பேருள் அவள் பெயர் தலையாயது. அவளது முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அ. மாதவையா 1915இல் இவளைக் கதைத்தலைவியாக்கி ஆங்கிலத்தில் நாவல் எழுதினார்.

சுவார்ட்ஸ் ஐயரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. திருமணத்தின் புனிதத்தைக் காக்கவே அவர் அவ்வாறு செய்தார். எனினும் ஒழுங்கின் பாரம் யார்மேல் விழுந்ததென்று கேளாதிருத்தல் தகாது. மணந்துகொள்ளும் அதிகாரம் அதிகாரியின் கையில் இருந்தது. அவர் முன்னரே ஞானஸ்நானம் பெற்றவர். காத்திருக்க வேண்டியவள் அவளே. அவர் மரித்த பின்னரே கதவு திறந்தது என்பது நம் மனச்சாட்சியை உறுத்தவேண்டிய செய்தி.

இதனோடு அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அகுஸ்து இராயன் காலந்தொட்டு ரோமப் போர்வீரன் சட்டப்படி மணம்செய்ய இயலாது. செப்திமியு செவேரு கி.பி. 197இல் இதைத் தளர்த்தினான். வீரர்கள் துணைவியரோடு வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்றனர். சட்டம் அவர்களைக் காணவில்லை. நூற்றுக்கு அதிபதிகளையும் இத்தடை கட்டியதா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. எவ்வாறாயினும், கொர்நேலியுவின் வீட்டில் கூடியிருந்தோரிடம் பேதுரு மணச்சான்று கேட்டதாக லூக்கா எழுதவில்லை. அதே ரோமப் படையில் தளபதியின் மனைவி மட்டும் உரிமையோடு உடன்வாழ்ந்தாள். பிரித்தானியாவின் விந்தொலாந்தா கோட்டையில் 1985இல் கண்டெடுத்த மரச்சீட்டில், கி.பி. 100ஐ ஒட்டிய காலத்தில் கிளாவுதியா செவேரா என்பவள் தளபதியின் மனைவி லெப்பிதினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடைசி வரிகள் அவள் கைப்பட எழுதியவை.

எழுத்து உயர்ந்தோர் மனைவியருக்கே கிட்டிற்று என்பதற்கு வேலூரும் சான்று. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தபோது, கோட்டைத் தளபதி பான்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி அமேலியா இரு பிள்ளைகளோடு ஒளிந்து தப்பி, அந்நாளைக் குறித்து எழுதிவைத்தாள். அதை இன்றும் வாசிக்கிறோம். அன்று நூற்றுக்கு மேற்பட்ட ஆங்கில வீரரும், முந்நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களும் மாண்டனர். சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் குடியிருந்தன. அப்பெண்கள் அன்று கேட்ட வெடியோசையை எழுதிவைத்தவர் இலர். எழுச்சிக்கு மிஷனெரிமாரே காரணமென்று லண்டனில் எழுந்த வாக்குவாதத்துக்கோ ஏடுகள் ஏராளம்.

வங்காளப் படைச் சிப்பாய் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவந்தான்; சென்னைப் படைச் சிப்பாய் மனைவி மக்களோடு, சிலவேளை பெற்றோரோடும், ஊர் ஊராகச் சென்றான். 1824இல் தொடங்கிய பர்மாப் போர் போன்ற கடல்கடந்த பணிகளில்தான் பிரிவு நேர்ந்தது. அப்போது சம்பளத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்கு ஒதுக்கிச் சென்றான். 1844இல் 47ஆவது சென்னைக் காலாட்படை சிந்துப் பகுதிக்குப் புறப்பட்டது. வெளிநாட்டுப் பணிக்குரிய கூடுதல் படி உண்டென்று ஆளுநர் ட்வீட்டேல் அளித்த வாக்கை நம்பிக் குடும்பத்துக்குப் பணம் ஒதுக்கினர். பம்பாயை அடைந்தபோது அப்படி இல்லையென அறிந்தனர். வீட்டுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியது வயிற்றுக்குப் போதவில்லை, அணிவகுப்பில் முறையிட்டனர். சரித்திராசிரியர் இதைக் கலகமென்று எழுதுவர். மனைவி மக்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்க முயன்றதென்றும் எழுதலாம்.

இவையெல்லாம் பழங்கதையென்று நம் போதகர்கள் எண்ணவேண்டாம். நமது சபைகளிலிருந்தும் இளைஞர் இந்திய இராணுவத்தில் சேருகின்றனர். திருமணத்தைத் தன் படைப்பிரிவுக்குத் தெரிவித்து, ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆணையில் அது வெளியானால்தான் வீரனின் மனைவி இராணுவக் கணக்கில் மனைவியாகிறாள். குடும்பக் குடியிருப்பும், அவன் இறந்தால் ஓய்வூதியமும் அந்தப் பதிவைச் சார்ந்தே கிடைக்கும். அதற்கு ஆதாரம் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நாம் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ். மணமகளின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒருவிதமாகவும் ஞானஸ்நானப் பதிவில் வேறுவிதமாகவும் இருக்குமாயின், இரண்டையும் திருமணத்துக்கு முன்னரே ஒப்பிட்டுச் சரிசெய்தல் வேண்டும். விடுப்பு முடிந்து அவன் புறப்படுமுன் சான்றிதழ் அவன் கையில் இருக்கட்டும்.