புக்கிட் ஜாலில்: தோட்டம் இருந்த இடத்தில் அரங்கம்



சில ஆண்டுகளுக்கு முன்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்திற்குச் சென்றிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, இதைக் கட்டுவதற்கு முன்பு இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டான். "ரப்பர்த் தோட்டம்" என்றேன். "அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்பது அவனது அடுத்த வினா. அதற்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

தோட்டமும் நிலமும்

புக்கிட் ஜாலில் தோட்டம் ஏறத்தாழ 1,800 ஏக்கர் பரப்புடையது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் அங்குப் பால்மரம் வெட்டி, லயங்களில் வாழ்ந்து, கோயிலும் பள்ளியும் அமைத்துக்கொண்டனர். 1980ஆம் ஆண்டில் அரசாங்கம் அத்தோட்டத்தைக் கையகப்படுத்தியது. பின்னர் அந்நிலம் பகுதி பகுதியாக மேம்பாடு கண்டது. கோல்ஃப் திடல், தொழில்நுட்பப் பூங்கா, பல்கலைக்கழகம், தேசிய விளையாட்டு வளாகம் என ஒவ்வொன்றாக எழுந்தன.

இங்கு ஓர் உண்மையைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். விளையாட்டுப் போட்டிக்காகத் தோட்டம் பறிக்கப்பட்டது என்று சிலர் கூறுவர். அது முழு உண்மையன்று. நிலம் கையகப்படுத்தப்பட்டு 12 ஆண்டுகள் கழிந்த பின்னரே போட்டியை நடத்தும் உரிமை நமக்குக் கிடைத்தது. எனினும், போட்டி வந்ததும் அவ்வட்டாரத்தின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. மதிப்பு உயர்ந்த நிலத்தில் ஏழைக்கு இடம் கிடைப்பது அரிது.

1998இன் பெருமிதம்

1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் நடந்த வாக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை 40க்கு 25 என்ற வாக்குகளில் வென்று, 16ஆவது காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை ஏற்று நடத்தும் உரிமையைக் கோலாலம்பூர் பெற்றது. ஆசிய மண்ணில் அப்போட்டி நடைபெற்றது அதுவே முதன்முறை. 1998 செப்டம்பர் 11 முதல் 21 வரை நடைபெற்ற அவ்விழாவில் மலேசியா 10 தங்கம், 14 வெள்ளி, 12 வெண்கலம் வென்று நான்காம் இடத்தைப் பிடித்தது. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் நம் ஜி. சரவணன் தங்கம் வென்றதை எண்ணி இன்றும் நெஞ்சம் பூரிக்கின்றது.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. 1998 ஜூலையில் எல்.ஆர்.டி. இரயில் பாதை புக்கிட் ஜாலில் வழியாக நீட்டிக்கப்பட்டது. தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் செல்வோர் இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமரத்தக்கதாகக் கட்டப்பட்ட அரங்கமும் வீணாகிவிடவில்லை. 2001, 2017ஆம் ஆண்டுகளின் சீ விளையாட்டுப் போட்டிகளுக்கு அதுவே களமாயிற்று.

ஆயினும், அவ்வாண்டு மக்கள் பட்ட பாட்டையும் நினைவுகூர வேண்டும். 1997இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி பலரது வேலையைப் பறித்திருந்தது. வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல மாதங்கள் தண்ணீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. விருந்தினரை வரவேற்க நகரம் அலங்கரிக்கப்பட்ட அதே ஆண்டில்தான் இல்லத்தரசிகள் வாளிகளில் தண்ணீர் சேமித்தனர்.

சுற்றுப்பயணிகளின் எண்ணிக்கை கூறும் செய்தி இன்னும் வியப்பானது. 1997இல் ஏறத்தாழ 62 லட்சம் பேர் மலேசியாவிற்கு வந்தனர். போட்டி நடந்த 1998இல் அவ்வெண்ணிக்கை 55 லட்சமாகக் குறைந்தது. 1999இல் 79 லட்சமாக உயர்ந்தது. வட்டாரப் பொருளாதார நிலைமையே இதனைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம். ஒரு போட்டியை நடத்தினால் சுற்றுப்பயணிகள் தாமாகவே பெருகுவர் என்று கணக்கிடுவது எத்துணைப் பிழையானது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எஞ்சியவர்களின் குரல்

மாணவனின் வினாவிற்கு மீண்டும் வருவோம். தோட்ட மக்களுள் பலர் காலப்போக்கில் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 குடும்பங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அவர்களுக்கு வெளியேறுமாறு நோட்டீஸ் வழங்கப்பட்டபோது, மீதமிருந்த 26 ஏக்கரில் வீடமைக்க 4 ஏக்கரைத் தாருங்கள் என்று அவர்கள் போராடினர். உலக விருந்தினருக்கு இடமளித்த மண்ணில், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், விழா முடிந்து 13 ஆண்டுகள் ஆன பின்னும் தமக்கோர் இடம் கேட்டு நின்றனர். தோட்டத்தின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்பது ஓர் ஆறுதல்.

அண்டையில் கற்ற பாடங்கள்

சிப்பாங்கில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் நடைபெற்றது. செலவு ஏறியது, பார்வையாளர் குறைந்தனர், அரசாங்கம் அதனை நிறுத்திக்கொண்டது. சிங்கப்பூர் 2008இல் இரவுப் பந்தயத்தைத் தொடங்கியபோது, பந்தய நாள்களில் தங்கும் விடுதிகளின் அறை வருமானத்தின் மீது சிறப்பு வரி விதித்தது. பாதையோர விடுதிகளுக்கு 30 விழுக்காடு, மற்றவற்றுக்கு 20 விழுக்காடு. இலாபம் பெறுபவரே செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பது நேர்மையான நெறி. ஆனால், சாலைகள் அடைக்கப்பட்டதால் வாடிக்கையாளர் வரவில்லை என்று முறையிட்ட கடைக்காரர்களும் அங்கு இருந்தனர்.

2024 மார்ச்சில், 2026ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியை 10 கோடி பவுண்டு நிதியுதவியுடன் ஏற்று நடத்துமாறு வந்த அழைப்பை மலேசியா ஏற்கவில்லை. காலமும் நிதியும் போதா என்பதே காரணம். 1998இல் ஏற்றதும் பெருமை, 2024இல் மறுத்ததும் பொறுப்பு என்பதே என் கருத்து.

நாம் செய்யத்தக்கது

விருந்தோம்பல் நம் பண்பாடு. ஆனால், வீட்டிலுள்ளவர்களைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டு நடத்தும் விருந்து விருந்தாகாது. ஒரு போட்டிக்குத் திட்டமிடும்போதே அங்கு வாழ்பவருக்கு வீடு எங்கே, சிறு வணிகருக்குப் பங்கு என்ன, விழா முடிந்தபின் அரங்கம் யாருக்குப் பயன்படும் என்னும் மூன்று வினாக்களுக்கும் எழுத்து வடிவில் விடை இருக்க வேண்டும். விழா முடிந்தபின் கேட்டால் விடை சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கருகில் உள்ள திடல், அரங்கம், பேரங்காடி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவ்விடம் முன்பு எவ்வாறு இருந்தது என்று மாணவர்களை ஆராயச் சொல்லுங்கள். பெற்றோர்களே, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் பிள்ளைகளை அமர்த்திக் கதை கேட்கச் செய்யுங்கள். பதக்கப் பட்டியல் என்றும் ஏட்டில் இருக்கும். லயத்தில் வாழ்ந்தவர்களின் வரலாறோ அவர்களது நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனை எழுதிக்கொள்வோம்.